ஓர் உறையில் இரண்டு கத்தி

“பேரலல் ரன் பண்ணினியாப்பா?”

கேட்டவர் எங்கள் அடுக்ககத்தின் பொருளாளர். வயது எழுபத்து நான்கு. வங்கியில் முப்பத்தைந்து வருஷம் குப்பை கொட்டிவிட்டு ஓய்வுபெற்றவர். எதிரே நின்றது இருபத்து நாலு வயசுப் பையன். அவருடைய கம்ப்யூட்டரில் லினக்ஸைப் புதுப்பித்துத் தர வந்தவன். கெட்டிக்காரன். மரியாதை தெரிந்தவன். ஆனால் முழித்தான்.

“அப்படின்னா என்ன சார்?”

நான் காபி டம்ளரோடு நடுவில் உட்கார்ந்திருந்தேன். பி.காம். படித்தவன் என்பதால் எனக்குக் கேள்வி புரிந்தது. பையனுக்குப் புரியவில்லையே என்பதுதான் வயிற்றைக் கலக்கியது. ஏனென்றால் அவன் மட்டும் இல்லை, அவன் படித்த பாடத்தை எழுதுகிறவர்களில் பல பேருக்கும் இப்போது அந்தக் கேள்வி புரிவதில்லை.

நடந்தது இதுதான். பொருளாளருக்கு வலது கை நடுங்கும். ஒரு வரி டைப் அடித்தால் நாலு தப்பு வரும். அதனால் யாரோ ஒரு புண்ணியவான் அவருக்கு ஒரு சின்ன ஏற்பாடு செய்து கொடுத்திருந்தார். ஒரு சாவியைத் தட்டினால் ‘பராமரிப்புத் தொகை வரவு’ என்று முழு வரியும் தானாக விழும். இன்னொன்றைத் தட்டினால் அடுத்த வரிக்குப் போய் தேதி போடும். எக்ஸ்டூடூல் என்ற இலவசக் கருவியை வைத்துச் செய்த வேலை. அந்த இரண்டு சாவியை நம்பித்தான் அறுபத்து நாலு வீட்டின் கணக்கு ஓடிக்கொண்டிருந்தது.

புதுப்பித்த பிறகு சாவியைத் தட்டினால் ஒன்றும் விழவில்லை. முன்பெல்லாம் உள்ளே நுழையும் திரையில் ஒரு சின்னப் பல்சக்கரம் இருக்கும். அதைச் சொடுக்கினால் ‘பழையதா, புதியதா’ என்று கேட்கும். அதில் பழையதைக் காணோம்.

“அது எக்ஸ் சார். பழசு. செத்துப்போச்சு. இப்ப எல்லாம் வேலண்ட்.”

“எக்ஸ் செத்துதோ இல்லையோ, என் கை செத்துப்போச்சேப்பா” என்றார் பெரியவர். அப்புறம்தான் அந்தக் கேள்வியைக் கேட்டார்.

பேரலல் ரன் என்றால் என்ன என்று உங்கள் வீட்டில் யாராவது பழைய வங்கி ஊழியர் இருந்தால் கேட்டுப் பாருங்கள். நம்மூர் வங்கிகளுக்குள் கம்ப்யூட்டர் நுழைந்த காலத்தில், மறுநாளே லெட்ஜரைத் தூக்கிப் பழைய பேப்பர் கடையில் போட்டுவிடவில்லை. கையால் எழுதும் லெட்ஜரும் நடக்கும், இயந்திரமும் நடக்கும். சாயங்காலம் இரண்டையும் பக்கத்தில் வைத்துச் சரிபார்ப்பார்கள். பத்து பைசா உதைத்தாலும் வீட்டுக்குப் போக முடியாது. நாள் கணக்கில், வாரக் கணக்கில் இரண்டும் ஒத்துப்போன பிறகு, அதிகாரி கையெழுத்துப் போட்டுப் பழைய லெட்ஜரை மூடுவார். புதுசின் மேல் சந்தேகம் என்பதால் இல்லை. புதுசு தன்னை நிரூபிக்கும் வரை பழசு பக்கத்திலேயே நிற்க வேண்டும், அவ்வளவுதான்.

இந்த ஒழுங்கைத்தான் இன்றைக்குக் கம்ப்யூட்டர்காரர்கள் மறந்துபோனார்கள் என்கிறேன். அதிலும் மற்றவர்கள் மறக்கலாம், எக்ஸ் வம்சத்தார் மறக்கலாமா?

முதலில் எக்ஸ் என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். திரையில் நாலைந்து ஜன்னல் திறந்து வைத்திருக்கிறீர்கள். ஒன்றில் கணக்கு, ஒன்றில் கடிதம், ஒன்றில் பாட்டு. நீங்கள் தட்டும் எழுத்து எந்த ஜன்னலுக்குப் போக வேண்டும், மவுஸ் சொடுக்கு யாருக்குச் சேர வேண்டும், எந்த ஜன்னல் எதன் மேல் தெரிய வேண்டும் என்று பங்கிட்டுக் கொடுக்க ஒரு ஆள் வேண்டும் இல்லையா? யூனிக்ஸ், லினக்ஸ் இயந்திரங்களில் அந்த ஆளுக்குப் பெயர் எக்ஸ்.

1984-ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் பாப் ஷைஃப்லர் தொடங்கி வைத்தது. அதற்கு முன்னால் ஸ்டான்ஃபோர்டில் டபிள்யூ என்று ஒன்று இருந்தது. அதிலிருந்து கிளம்பியதால் ஆங்கில வரிசையில் அடுத்த எழுத்தைப் பெயராக வைத்துவிட்டார்கள். எம்.ஐ.டி.யில் அப்போது அத்தீனா என்று ஒரு திட்டம். டெக் ஒரு பக்கம், ஐ.பி.எம். ஒரு பக்கம் இயந்திரங்களைக் கொடுத்தன. ஒன்றுக்கொன்று ஒத்தே போகாதவை. மாணவன் எதில் உட்கார்ந்தாலும் வேலை நடக்க வேண்டும். ஆக, ஒத்துப்போகாதவர்களை ஒரே கூரையின் கீழ் வாழவைப்பது எக்ஸின் பிறவிக் குணம்.

அந்தக் குணத்தை அதன் கட்டுமானத்திலேயே பார்க்கலாம். ஒரே இயந்திரத்தில் இரண்டு எக்ஸ் ஓட்டலாம். முதலாவதற்கு எண் 0, இரண்டாவதற்கு எண் 1. ஒரு நிரலைக் கிளப்புவதற்கு முன்னால் ‘டிஸ்ப்ளே’ என்கிற இடத்தில் எந்த எண்ணை எழுதி வைக்கிறீர்களோ அந்தத் திரையில் போய் அது திறக்கும். வலைப்பின்னல் வழியாகப் பேசினால் 0-க்கு 6000-ஆம் வாசல், 1-க்கு 6001-ஆம் வாசல். ஒருவர் வாசலில் இன்னொருவர் நுழைவதில்லை. கன்ட்ரோல், ஆல்ட் இரண்டையும் அழுத்திக்கொண்டு எஃப்7 தட்டினால் ஒரு திரை, எஃப்8 தட்டினால் இன்னொரு திரை என்று வைத்துக்கொள்ளலாம். ஒன்று பழைய பதிப்பாக இருக்கட்டும், இன்னொன்று புதிய பதிப்பாக இருக்கட்டும். சண்டையே கிடையாது. இன்னும் ஒரு படி மேலே போய், ஒரு எக்ஸுக்குள் ஒரு ஜன்னலாகவே இன்னொரு எக்ஸை ஓட்டவும் கருவி உண்டு. எக்ஸ்நெஸ்ட், செஃபைர் என்று பெயர்கள்.

நம்மில் பல பேருக்குத் தெரிந்த இரட்டைக் குடித்தனம் வேறு மாதிரி. 2011-ல் தமிழக அரசு இலவச லேப்டாப் கொடுக்க ஆரம்பித்தபோது, அதில் விண்டோஸும் இருந்தது, சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. ஆனால் ஒன்று தூங்கினால்தான் இன்னொன்று எழுந்திருக்கும். நான் சொல்வது அப்படி இல்லை. இரண்டும் ஒரே நேரத்தில் விழித்திருக்கும். இதில் ஒரு வரி எழுதிவிட்டு, ஒரு விரல் தட்டலில் அதற்குப் போய் சரிபார்க்கலாம். நம் வங்கிக்காரர் சொன்ன அதே பேரலல் ரன்!

‘ஒரு உறையில் இரண்டு கத்தி இருக்க முடியாது’ என்று பழமொழி சொல்வோம். எக்ஸ் விஷயத்தில் அது பொய். இரண்டு என்ன, மூன்று கத்தி இருந்த உறையே உண்டு. சன் கம்பெனியின் வொர்க்ஸ்டேஷன்கள் 1990-களின் தொடக்கத்தில் கல்லூரிகளிலும் ஆய்வுக்கூடங்களிலும் கொடி கட்டிப் பறந்தன. சன் முதலில் சன்வியூ என்று சொந்தமாக ஒரு ஜன்னல் முறை வைத்திருந்தது. பிறகு நியூஸ் என்று ஒன்று செய்தது. கடைசியில் ஊரோடு ஒத்துவாழ எக்ஸுக்கு வந்தது. வந்தபோது என்ன செய்தது? ஓப்பன்விண்டோஸ் என்று ஒன்றைக் கொடுத்து, மூன்று வகை நிரல்களும் ஒரே திரையில் அக்கம்பக்கமாக ஓட வழி செய்தது. அதுவும் போதாதென்று எம்.ஐ.டி.யின் அசல் எக்ஸைத் தனி அடைவில் போட்டுக்கொண்டவர்களும் இருந்தார்கள். எந்த நிரலுக்கு எந்த நூலகம் என்று வழி எழுதி வைக்க வேண்டும். எழுதியதில் தப்பு வந்தால் தலைவலி. ஆனால் அது அவரவர் விரும்பி வாங்கிக்கொண்ட தலைவலி.

இன்னொன்று. லினக்ஸில் எக்ஸை அப்போது எக்ஸ்ஃப்ரீ86 என்ற குழு கொடுத்துவந்தது. 2000 மார்ச்சில் நான்காம் பதிப்பு வந்தது. அடியோடு மாற்றிக் கட்டிய வீடு. நல்ல வீடுதான். ஆனால் சில பழைய வீடியோ கார்டுகளுக்கு அதில் இடம் இல்லை. டெபியன்காரர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? 2002-ல் வெளியிட்ட 3.0 பதிப்பில் புதிய 4.1-ஐக் கொடுத்தார்கள், கூடவே பழைய 3.3.6-ஐயும் வைத்தார்கள். ‘உன் கார்டு எதற்கு ஒத்துப்போகிறதோ அதை எடுத்துக்கொள்’ என்பது அதன் பொருள். பத்து வருஷத்துக்கு முன் வாங்கிய கார்டை வைத்திருந்தவனை யாரும் ‘செத்துப்போச்சு, போ’ என்று சொல்லவில்லை.

எல்லாவற்றுக்கும் மேலே ஒரு சங்கதி. எக்ஸின் பதினோராம் பதிப்பு வந்தது 1987 செப்டம்பரில். பத்தாம் பதிப்போடு அது ஒத்துப்போகாது. ஒரு தடவை அடித்து நொறுக்கிப் புதுசாகக் கட்டினார்கள். வாஸ்தவம். ஆனால் அதோடு சரி. இன்றைக்கும் ஒரு எக்ஸ் நிரல் வாசல் கதவைத் தட்டும்போது முதல் வணக்கத்திலேயே ‘நான் பதினொன்று பேசுகிறேன்’ என்று சொல்லித்தான் உள்ளே போகிறது. நாற்பது வருஷத்தை நெருங்குகிறது. புதிய வசதி வேண்டுமென்றால் ஒட்டுத்திண்ணை மாதிரிப் பக்கத்தில் சேர்த்துக்கொண்டார்களே தவிர, பழைய வாசலை இடிக்கவில்லை. நம் ஊரில் நாற்பது வருஷம் இடிபடாமல் இருக்கிற வாசல் எத்தனை இருக்கிறது, சொல்லுங்கள்!

சரி, இப்போது வேலண்டுக்கு வருவோம். நான் அதற்கு எதிரி இல்லை. எக்ஸின் உள்ளே வருஷக்கணக்கில் உழைத்தவர்களில் ஒருவரான கிறிஸ்டியன் ஹோக்ஸ்பெர்க்தான் 2008-ல் அதைத் தொடங்கினார். காரணம் இருக்கிறது. எக்ஸில் திரையில் உள்ள எந்த நிரலும் மற்ற நிரலுக்குப் போகும் எழுத்தை ஒட்டுக்கேட்கலாம். எல்லா நிரலும் நம்ம வீட்டுப் பிள்ளை என்று நம்பிய காலத்தில் கட்டியது. நீங்கள் பாங்க் பாஸ்வேர்டு அடிக்கும்போது பக்கத்து ஜன்னல் குறித்துக்கொண்டால்? வேலண்ட் அந்தக் கதவை மூடியது. நியாயம். எக்ஸின் எழுத்துரு நூலகத்தில் 1991-லிருந்து இருந்த ஓட்டை ஒன்றை 2014 ஜனவரியில்தான் அடைத்தார்கள். பழைய வீட்டில் எந்தச் சுவரில் எந்தப் பொந்து இருக்கிறது என்று யாருக்கும் முழுசாகத் தெரியாது. அதுவும் நியாயம்.

ஆரம்பத்தில் மாற்றத்தையும் முறையாகத்தான் செய்தார்கள். 2016 நவம்பரில் ஃபெடோரா 25 வேலண்டை முதல் தேர்வாக்கியது. எக்ஸும் பக்கத்தில் இருந்தது. 2017 அக்டோபரில் உபுண்டு 17.10 மாறியது. சரிப்பட்டு வரவில்லை என்று தெரிந்ததும், 2018 ஏப்ரலில் வந்த 18.04-ல் கௌரவம் பார்க்காமல் மறுபடி எக்ஸையே முன்னால் வைத்தது. 2021 ஏப்ரலில் திரும்ப வேலண்டுக்குப் போனது. இத்தனையிலும் அந்தப் பல்சக்கரம் இருந்தது. வேண்டியவர் வேண்டியதில் நுழையலாம். இதைப் பார்த்துவிட்டுக் கையெடுத்துக் கும்பிடலாம். பேரலல் ரன் என்றால் இதுதான்.

கடைசிக் கட்டத்தில்தான் அவசரம். 2025 மே மாதம் ரெட் ஹேட்டின் பத்தாம் பதிப்பு எக்ஸ் சர்வரை எடுத்துவிட்டது. 2025 செப்டம்பரில் க்னோம் 49 எக்ஸுக்கான வாசலை இயல்பாகவே பூட்டி வெளிவந்தது. அக்டோபரில் வந்த உபுண்டு 25.10-ல் பல்சக்கரத்திலிருந்து எக்ஸ் போய்விட்டது.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். பார்வையற்றவர்களுக்குத் திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் ஓர்கா என்ற நிரல் இருக்கிறது. அதற்கு ஆணையிடும் சாவிகள் வேலண்டில் ஒழுங்காக வேலை செய்ய ஆரம்பித்ததே 2025 மார்ச்சில் வந்த க்னோம் 48-ல்தான். செப்டம்பரில் பழைய வாசல் பூட்டு. நடுவில் ஆறு மாதம்! லெட்ஜரில் அவ்வளவு பெரிய வித்தியாசம் கண்டுபிடித்துச் சரிசெய்துவிட்டு, ஆறு மாதத்தில் பழைய புத்தகத்தை மூட எந்த அதிகாரியாவது கையெழுத்துப் போடுவாரா? போட்டால் தணிக்கைக்காரர் விடுவாரா?

“அதான் எக்ஸ்வேலண்ட் இருக்கே” என்பார்கள். உண்மைதான். பழைய எக்ஸ் நிரல்கள் வேலண்டுக்குள் ஓடுவதற்காக உள்ளேயே ஒரு எக்ஸ் வைத்திருக்கிறார்கள். ஆனால் அது வாடகைக் குடித்தனம். தன் அறைக்குள் இருக்கும் எக்ஸ் ஜன்னல்களை மட்டும்தான் அதற்குத் தெரியும். கூடத்தில் என்ன நடக்கிறது, பக்கத்து அறையில் யார் என்று தெரியாது. பெரியவரின் கணக்கு நிரல் புதிய பதிப்பில் நேராக வேலண்டிலேயே திறந்துகொண்டது. எக்ஸ்டூடூல் வாடகை அறையில் உட்கார்ந்து கத்தியது. கூடத்தில் இருந்தவருக்குக் கேட்கவில்லை. மாற்றாக வொய்டூடூல் என்று ஒன்றைப் பையன் போட்டுப் பார்த்தான். கூடுதல் அதிகாரம் கொடுத்தால்தான் ஓடுவேன் என்றது. கொடுத்தோம். ஆங்கிலம் அடித்தது. தமிழ் வரவில்லை. ‘பராமரிப்புத் தொகை வரவு’ என்பதை அவர் எழுபத்து நாலு வயசில் ஆங்கிலத்தில் எழுதப் பழகிக்கொள்ள வேண்டுமாம்.

இன்னொரு வாதம் வரும். “இலவசமாகக் கொடுக்கிறோம். செய்கிறவர்கள் கொஞ்சம் பேர். இரண்டையும் பராமரிக்க இரட்டைச் செலவு. யார் பார்ப்பது?”

இந்த வாதத்தை நான் மதிக்கிறேன். ராத்திரி கண் விழித்துத் தன் காசில் உழைக்கும் ஒருவரிடம் ‘இன்னும் பத்து வருஷம் பழசையும் பார்’ என்று கேட்க எனக்கு உரிமை இல்லை. ஆனால் எதை முன்னால் வைப்பது, எதை எப்போது எடுப்பது என்று முடிவு செய்கிற இடங்களில் பலவற்றில் உட்கார்ந்திருப்பது சம்பளம் கொடுக்கும் கம்பெனி. ரெட் ஹேட்டை 2019-ல் ஐ.பி.எம். வாங்கியது 3,400 கோடி டாலருக்கு. அங்கே செலவுக் கணக்கைச் சொல்லிக் கண்ணைக் கசக்கக் கூடாது.

காமர்ஸ் வகுப்பில் முதல் வருஷமே சொல்லிக்கொடுத்த பாடம்: ஒரு பக்கம் பற்று எழுதினால் இன்னொரு பக்கம் வரவு எழுதியே ஆக வேண்டும். செலவு மாயமாக மறையாது. பழசை எடுத்துவிட்டதில் அவர்களுக்கு ஒரு செலவு மிச்சம் என்றால், அதே செலவு வேறு யாருடைய ஏட்டிலோ ஏறியிருக்கிறது. அது நடுங்கும் கையோடு ராத்திரி பதினோரு மணிக்கு ரசீது அடிக்கும் ஒருவர் ஏட்டில் ஏறியிருக்கிறது. அவருக்கு வவுச்சர் கிடையாது. அதனால் அந்தச் செலவு யார் கண்ணிலும் படுவதில்லை. ‘மிச்சம் பிடித்தோம்’ என்று கை தட்டிக்கொள்கிறார்கள். மிச்சம் இல்லை சார், தலையை மாற்றி எழுதியிருக்கிறீர்கள்.

பாதுகாப்பு வாதத்துக்கும் இதே பதில்தான். ஒட்டுக்கேட்கும் ஆபத்து உண்மை. அதை என்னிடம் சொல்லுங்கள். பல்சக்கரத்துக்குப் பக்கத்தில் சிவப்பில் எழுதி வையுங்கள். நுழைவதா வேண்டாமா என்று நான் முடிவு செய்கிறேன். என் வீட்டுக் கொல்லைப்புறக் கதவில் பூட்டு சரியில்லை என்று எச்சரிப்பவர் நல்லவர். அதற்காக நான் வெளியூர் போயிருந்தபோது வந்து செங்கல் வைத்து அடைத்துவிட்டுப் போகிறவரை என்ன சொல்வது?

எக்ஸ் சாகக் கூடாது என்று நான் கொடி பிடிக்கவில்லை. சாகட்டும். எல்லா மென்பொருளும் ஒருநாள் சாகத்தான் வேண்டும். நான் கேட்பது மூன்றே மூன்று. ஒன்று, பழசு செய்த வேலைகளை, குறிப்பாக உடம்பு ஒத்துழைக்காதவர்கள் நம்பியிருக்கும் வேலைகளை, பட்டியல் போட்டு ஒவ்வொன்றாகப் புதுசில் சரிபாருங்கள். இரண்டு, எல்லாம் ஒத்துப்போய் ஒரு முழுப் பதிப்புக் காலமாவது போன பிறகு மூடுங்கள். மூன்று, புதுப்பிக்கும் பொத்தானை அழுத்தும் முன்னால், ‘இதோடு உன் பழைய வாசல் போகிறது’ என்று ஆளுக்குப் புரிகிற பாஷையில் சொல்லுங்கள். பெரியவருக்கு யாரும் சொல்லவில்லை. பையனுக்கே தெரியாது.

பையனைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். பேரலல் ரன் என்றால் என்ன என்று பெரியவர் விளக்கியதும், ஐந்து நிமிஷம் பேசாமல் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அப்புறம் எக்ஸ் சர்வர் களஞ்சியத்தில் இன்னும் இருப்பதைத் தேடிப் பிடித்தான். எக்ஸை நம்பி ஓடும் எக்ஸ்எஃப்சிஇ என்ற மேசைத் திரையைப் பக்கத்தில் போட்டான். பல்சக்கரத்தில் மறுபடி இரண்டு பெயர் வந்தது. சாவியைத் தட்டினார் பெரியவர். ‘பராமரிப்புத் தொகை வரவு’ என்று விழுந்தது.

இப்போது அவர் மேசையில் ஒரு நீள நோட்டு இருக்கிறது. நடுவில் கோடு. இடது பக்கம் எக்ஸ், வலது பக்கம் வேலண்ட். காலையில் கணக்கு எக்ஸில். சாயங்காலம் அதே வேலைகளை வேலண்டில் செய்து பார்த்து டிக் போடுகிறார். பதினான்கு வேலையில் ஒன்பது ஒத்துப்போகிறதாம். “மீதி அஞ்சும் டாலி ஆகட்டும். நானே கையெழுத்துப் போட்டுப் பழசை மூடறேன்” என்றார்.

கையெழுத்துப் போடும்போது கை நடுங்கும். பரவாயில்லை, அது அவருடைய கையெழுத்து.